தாத்தாவின் அம்பாசடருக்கு விண்டேஜ் பதிவு கிடைக்குமா?

திருமங்கலம் வாசகர் ஒருவரின் கேள்வி: "தாத்தா 1968இல் புதிதாக வாங்கிய அம்பாசடரில் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு, பல ஆண்டுகளுக்கு முன் டீசல் என்ஜின் பொருத்தினோம், ஆர்.சி. புத்தகத்தில் திருத்தவில்லை. இதை விண்டேஜ் வாகனமாகப் பதிந்து, தினமும் தோட்டத்துக்கு ஓட்டிச் செல்லலாமா?"

இப்போதுள்ள நிலையில் முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்க்கப்பட்ட பிரிவுகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வாகனம் விண்டேஜ் பதிவுக்கு உரியது என்பதால் வயதில் உங்கள் காருக்குக் குறையில்லை. ஆனால் சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி அது பழைய வடிவிலேயே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையில் உங்கள் டீசல் என்ஜின் இடிக்கிறது.

விண்டேஜ் பதிவே கிடைத்தாலும் தோட்டத்துக்குப் போக அது உதவாது. கண்காட்சி, பேரணி, அவற்றுக்குப் போய்வருதல், எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே அந்தக் கார் சாலைக்கு வரலாம். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் எண்ணமிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், அது 10 ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான கார் என்பதால் தாத்தா காலத்து எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பலருக்கு ஆசையே அந்த எண்ணின் மீதுதான்.

தினமும் ஓட்டுவதே நோக்கமென்றால், சாதாரணப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, பழைய வண்டிகளுக்கான பசுமை வரியும் கட்டி வருவதே வழி. அங்கும் என்ஜின் சிக்கல் தொடரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுப்பதோடு, அனுமதியின்றி என்ஜினை மாற்றியவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்றும் சொல்கிறது. முறையற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பதும் இந்த முரண்பாட்டைத்தான்.

ஆகவே மோட்டார் வாகன ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்துமுன், சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். துருவில் ஓரெழுத்து மறைந்திருந்தாலும் அங்கே கேள்வி எழும். கழற்றிய பெட்ரோல் என்ஜின் தொழுவத்து மூலையில் கிடந்தால், அதன் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளதுதானா என்று பாருங்கள். பொருந்தினால், அதைச் சரிசெய்து திரும்பப் பொருத்துவதே இரண்டு வழிகளுக்கும் நல்லது. அதுவரை அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.