ஒரே மயக்கத்தில் மூன்று சிகிச்சைகளா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் லாப்ரடார் தேனுவுக்கு 9 வயது முடிந்துவிட்டது. கருத்தடை செய்யவில்லை. சென்ற மாதம் குளிப்பாட்டும்போது பின்வரிசை முலைக்காம்பின் அருகே பட்டாணி அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பற்களில் காரை தடித்திருக்கிறது. கடைவாய்ப்பல் ஒன்று ஆடுவதால் ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள். கட்டி, கருப்பை, பல் ஆகிய மூன்றையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம், வயதான உடம்புக்கு இரண்டாவது மயக்கம் வேண்டாம் என்கிறார் மருத்துவர். எங்களால் முடிவெடுக்க இயலவில்லை.

ச.

அன்புள்ள ச.,

நான் மருத்துவன் அல்ல. நாய்களோடு நெடுங்காலம் வாழ்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் கருத்து, கட்டியையும் கருப்பையையும் சேர்த்துச் செய்யுங்கள், பற்களைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே.

இரண்டாவது மயக்கத்தை எண்ணி நாம் அஞ்சும் அளவுக்கு, ஒரே மயக்கம் மணிக்கணக்கில் நீள்வதை எண்ணி அஞ்சுவதில்லை. நேரம் ஏற ஏற உடல் வெப்பம் இறங்குகிறது. இரத்த அழுத்தம் தாழ்ந்தால், முதிய நாய்களில் ஏற்கெனவே தளர்ந்திருக்கக்கூடிய சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் போய்ச் சேருவதில்லை. பிரிட்டனில் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நலமாக இருந்த நாய்களில் ஏறத்தாழ 2,000-க்கு ஒன்றும், நோயுற்றிருந்தவற்றில் ஏறத்தாழ 75-க்கு ஒன்றும் மயக்கம் தொடர்பாக இறந்தன. அவ்விறப்புகளில் ஏறக்குறைய பாதி அறுவை முடிந்த பிறகு நேர்ந்தவை என்பதால், தேனு கண்விழித்துத் தலைதூக்கும் வரை அவளருகே யார் இருப்பார் என்பதை நீங்கள் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். நோயுற்றவளா நலமானவளா என்பதைச் சொல்ல சிறுநீரகம், கல்லீரல், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை தேவை. உண்ணிக் காய்ச்சல் வந்துபோன நாய்களில் தட்டணுக்கள் குறைந்து, அறுவை மேசையில்தான் அது தெரியவரும் என்ற நிலை வரக்கூடாது.

பற்களைத் தள்ளிவைக்கச் சொல்வதற்குக் காரணம் நேரம் மட்டுமல்ல. காரையைச் சுரண்டும்போது ஈறுகளின் அடியிலிருந்து கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. வழக்கமாக உடல் அவற்றைச் சமாளித்துவிடும் என்றாலும், வயிற்றைத் திறந்து தைத்த அதே நாளில் அந்தச் சுமையை ஏற்ற வேண்டுமா என்பதே என் தயக்கம். இளம் நாய்க்குக் கருத்தடையின்போது விழாத பால்பல்லைப் பிடுங்குவது வேறு, தேனுவின் வாய் வேறு. ஆடும் அந்தக் கடைவாய்ப்பல்லை மட்டும், தையல் எல்லாம் முடிந்த கடைசி நிமிடங்களில் எடுத்துவிட முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வலி அங்கேதான் இருக்கிறது, மீதிக் காரை சில வாரங்கள் காத்திருக்கும்.

கட்டி அப்படிக் காத்திருக்காது. பட்டாணி அளவில் இருக்கும்போதே எடுப்பதுதான் நல்லது. அதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, நுரையீரலில் எதுவும் பரவவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வயதில் கருப்பையை நீக்குவது புதிய முலைக்கட்டிகளைத் தடுக்கும் என்று பெரிதாக நம்ப வேண்டாம். அந்தப் பயன் பெரும்பாலும் முதல் ஓரிரு இனச்சேர்க்கைப் பருவங்களுக்கு முன் செய்தால் கிடைப்பது. ஆனால், பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டி, நள்ளிரவில் அவசர அறுவைக்கு ஓட வேண்டிய நிலை முதிய பெண் நாய்களுக்கு அடிக்கடி வருவது. அதிலிருந்து அவள் முழுவதுமாகத் தப்புவாள். இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது கருப்பையை முதலிலும் கட்டியை அடுத்தும் எடுப்பதே முறை, ஏனென்றால் கட்டியின் செல்கள் வயிற்றுக்குள் போய்விடக் கூடாது. அவள் இப்போது பருவத்தில் இருந்தால் இரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும் என்பதால், இரண்டையும் எப்போது செய்வது என்பதையும் மருத்துவரே சொல்லட்டும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போது, வெப்பமோ அழுத்தமோ இறங்கினால் மிச்சத்தை விட்டுவிட்டு எழுப்பிவிடலாம் என்று எழுதியே கொடுங்கள். எடுத்த கட்டியைத் தவறாமல் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். இன்னும் அகலமாக வெட்ட வேண்டிவருமா என்பது அந்த முடிவில்தான் தெரியும் என்பதால், பற்களுக்கான நாளை அதைப் பார்த்தபின் குறித்தால் போதும்.