எதிர்வீட்டுக்காரருக்கு என் வரிப்பணம் ஏன் போக வேண்டும்?

கேள்வி: 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குக் காப்பீடு எடுத்து, வருடாவருடம் பணம் கட்டி வருகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. எதிர்வீட்டுக்காரர் நல்ல சம்பளக்காரர், இரண்டு கார் வைத்திருக்கிறார், ஆனால் பாலிசி கிடையாது. “தண்டமாக ஏன் கட்டணும், அரசாங்கம் கொடுக்கும்” என்கிறார். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் குடிசையும் அந்த மழையில் விழுந்தது. அவருக்கும் அரசுப் பணம் வந்தது. காப்பீடு எடுக்காத எல்லோருக்கும் எங்கள் வரிப்பணத்தில் வீடு கட்டித் தருவது நியாயமா? நாமும் பாலிசியை விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, முடிச்சூர்

பதில்: பாலிசியை விட்டுவிடாதீர்கள், சகோதரி. உங்கள் கணவருக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு கொடுப்பதில் உங்கள் வீட்டைத் திரும்பக் கட்ட முடியாது.

மிக்ஜாமுக்கு அரசு கொடுத்தது குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய். விழுந்த குடிசைக்கு 8,000. பேரிடர் நிவாரண நிதியின் விதிப்படி, சமவெளியில் ஒரு வீடு முழுவதும் இடிந்தாலே 1,20,000 ரூபாய்தான். உங்கள் தெருவில் அந்தத் தொகையில் மேல்கூரைகூடப் போட முடியாது. எதிர்வீட்டுக்காரருக்கு வந்தது நனைந்த மெத்தைக்கும் மோட்டார் ரிப்பேருக்கும் சரியாகப் போயிருக்கும். அதை நம்பி அவர் காப்பீடு எடுக்காமல் இருப்பது அவருக்குத்தான் ஆபத்து. உங்கள் வரிப்பணத்துக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. எதிர்வீட்டுக்காரரையும் வேலைக்கு வரும் அக்காவையும் ‘காப்பீடு எடுக்காதவர்கள்’ என்று ஒரே பட்டியலில் வைத்துவிட்டீர்கள். அவர் எடுக்க முடிந்தும் எடுக்காதவர். அந்த அக்காவுக்கு எடுக்க வழியே இல்லை. பட்டா இல்லாத இடத்தில் நிற்கும் கீற்றுக் குடிசைக்குப் பாலிசி விற்க எந்த ஏஜென்ட் தேடி வருகிறார்? அதோடு, அவரும் வரி கட்டுகிறவர்தான். சோப்பு வாங்கினாலும் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தாலும் ஜிஎஸ்டி போகிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளா 2019 ஆகஸ்ட் முதல் இரண்டு வருடங்களுக்கு 1 சதவீத வெள்ள வரி போட்டபோது, கடைக்குப் போன கூலித் தொழிலாளியும்தான் அதைக் கட்டினார்.

அப்புறம், உங்கள் பகுதிக்குள் வந்த தண்ணீரை முழுக்க இயற்கையின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. 2015-ல் அடையாற்றில் வந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை சொன்னது. அந்த ஆற்றுக்குத் தண்ணீர் விடும் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைத் திறப்பது அரசு. ஏரியிலும் ஆற்றோரத்திலும் மனை போட அனுமதி கொடுத்ததும் அரசு. ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்தபோது அந்த மக்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடங்களில் ஒன்று பெரும்பாக்கம். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதி அது, அங்கேயும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது. வரிப்பணம் வீணாவதைப் பற்றி நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் இதுதான் என்பேன். எட்டாயிரம் ரூபாய் வாங்கியவர் மேல் அந்தக் கோபம் திரும்பக் கூடாது.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. அதற்கு நான் காட்டக்கூடிய உதாரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. விழுந்த மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் சேர்த்து, மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் அரசு அறிவித்தது. அந்த நேரத்திலும் தென்னைக்கு என்று ஒரு காப்பீட்டுத் திட்டம் இருந்தது. இளம் மரத்துக்கு 9 ரூபாய் பிரீமியம், 900 ரூபாய் காப்பீடு. 15 வயதைத் தாண்டிய மரத்துக்கு 14 ரூபாய் பிரீமியம், 1,750 ரூபாய் காப்பீடு. பிரீமியத்தில் பாதியைத் தென்னை வளர்ச்சி வாரியம் கட்டும், கால் பங்கை மாநில அரசு கட்டும், மிச்சக் கால் பங்குதான் விவசாயிக்கு. மரத்துக்கு நாலு ரூபாய்கூட இல்லை. அப்படியும் மிகப் பலர் எடுத்திருக்கவில்லை. காப்பீடு எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் கிடைப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றால் அடுத்த வருடம் யார் கட்டுவார்கள்? நீங்கள் கேட்பது இதைத்தானே.

அதற்காக அன்றைக்குத் தோப்பில் நின்று அழுத விவசாயியிடம் “பாலிசி காட்டு” என்று கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வைத்து ஆறேழு வருடம் காத்திருந்து காய்க்க வைத்த மரம் அது. நான் சொல்வது வேறு. அந்த 1,100 ரூபாயை வைத்து ஒரு மரத்தின் முழு பிரீமியத்தையே எழுபத்தைந்து வருடங்களுக்கு மேல் அரசு கட்டியிருக்கலாம். நிவாரணம் என்றாலும் பிரீமிய மானியம் என்றாலும் போவது வரிப்பணம்தான். முன்கூட்டியே கொடுத்தால் விவசாயி யாரிடமும் கைநீட்டாமல், உரிமையோடு வாங்கிக்கொள்வார். பட்டா இல்லாத குடிசைக்கும் ரேஷன் கார்டை வைத்து அரசே பிரீமியம் கட்டிவிடுவதில் என்ன தடை? நெல் பயிர்க் காப்பீட்டில் காப்பீட்டுத் தொகையில் 1.5 அல்லது 2 சதவீதத்தை மட்டும் பிரீமியமாக விவசாயி கட்ட, மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றனவே.

எதிர்வீட்டுக்காரர் விஷயத்தில் நான் கறாராகவே இருப்பேன். வெள்ளம் வந்த அன்றைக்குப் படகும் பாலும் சோறும் அவருக்கும் போக வேண்டும். முதல் வாரத்துக்கான தொகையும் போகட்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வருமானச் சான்றிதழ் சரிபார்க்க முடியாது, சரிபார்க்கவும் கூடாது. ஆனால் வீட்டைத் திரும்பக் கட்டுவது அவர் பொறுப்பு. வசதி இருந்தும் காப்பீடு எடுக்காதவருக்குப் பொதுப்பணத்தில் சுவர் எழுப்பித் தரத் தேவையில்லை. அந்தப் பணம் கூரை போனவருக்குப் போகட்டும்.

சரி, உங்கள் பாலிசிக்கு வருகிறேன். புதுப்பிக்கும்போது அது 2021 ஏப்ரலில் அறிமுகமான ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வகையா என்று பாருங்கள். வெள்ளமும் புயலும் அதில் அடக்கம். மனையின் விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் காப்பீட்டுத் தொகை. அதில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சத்துக்கு, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே காப்பு உண்டு. நகைக்கு மட்டும் தனியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக்காரரின் கார் பாலிசியையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் அதற்கென்று தனிக் காப்பு எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பெரும்பாலும் பணம் வராது.