கனடாவில் பிறந்த குட்டைக் குதிரைக்கும் பெங்களூரு ரேஸ் கோர்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: நார்தர்ன் டான்சர் என்ற குதிரையை உலகத்திலேயே தலைசிறந்த பொலிகுதிரை (குட்டிகளுக்காகப் பெட்டைகளோடு சேர்க்கும் ஆண் குதிரை) என்கிறார்களே, ஏன்? பெங்களூரில் ஓடும் ரேஸ் குதிரைகளுக்கும் அதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. கொஞ்சநஞ்சமில்லை.

இந்தப் பெயர் எனக்கு அறிமுகமானது எட்டு ஒன்பது வயதில். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தாய்மாமா இருந்தார். ரேஸ் கோர்ஸ் லாயத்தில் சயீஸ் வேலை, அதாவது குதிரையைப் பார்த்துக்கொள்வது. விடிகாலை மூன்றரைக்கெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி, இங்கிலீஷ் எழுத்தைக் கற்றுக்கொண்டதே ரேஸ் புக்கில்தான். ரேஸுக்கு முதல் நாள் ராத்திரி வாசல்படியில் உட்கார்ந்து அதைப் பிரிப்பார். குதிரையின் பெயரை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் அப்பன் பெயருக்குத்தான் முதலில் போவார். "இது நாதன் டான்சர் பேரன்டா" என்பார். நாதன் என்று யாரோ டான்ஸ் மாஸ்டர் இருக்கிறார், அவர் குதிரையும் வளர்க்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த 'நாதன்' 1961 மே 27 அன்று கனடாவில், டொரண்டோவுக்குப் பக்கத்து ஊரான ஓஷாவாவில் பிறந்தது. ஈ. பி. டெய்லர் என்ற பெரும் பணக்காரரின் பண்ணை. மே கடைசி என்பது ரேஸ் குதிரைக்கு மோசமான பிறந்தநாள். வட பாதி உலகத்தில் எல்லா ரேஸ் குதிரைக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும். அதனால் மே மாதக் குட்டி, தன்னைவிட நாலு மாதம் மூத்த குட்டிகளோடு ஒரே வகுப்பில் ஓட வேண்டும். தாமதத்துக்குக் காரணம் தாய்க்குதிரை நட்டால்மா. 1960இல் ஒரு பெரிய ரேஸுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது அதற்கு முழங்காலில் அடிபட்டது. ஓட்டத்தை நிறுத்திவிட்டு, இனச்சேர்க்கை சீசன் முடியும் நேரத்தில் நியார்க்டிக் என்ற குதிரையோடு சேர்த்தார்கள். அந்த முழங்கால் சரியாக இருந்திருந்தால் இந்தப் பதிலே இல்லை.

டெய்லர் தன் பண்ணையின் ஒரு வயதுக் குட்டிகளுக்கெல்லாம் விலை போட்டு வரிசையாக நிறுத்துவார். இதற்கு 25,000 டாலர். வந்தவர்கள் பார்த்தார்கள், குட்டையாக இருக்கிறதே என்று அடுத்ததுக்குப் போய்விட்டார்கள். முழுதாக வளர்ந்த பிறகும் தோள் உயரம் 62 அங்குலத்தைச் சுற்றித்தான். உடம்பு மட்டும் உருண்டு திரண்டு இருந்தது, குணமும் முரட்டுக் குணம். டிரெய்னர் ஹொரேஷியோ லூரோ காயடித்துவிடலாம் என்றார். டெய்லர் ஒப்புக்கொள்ளவில்லை. குதிரை உலகின் வரலாறு அன்றைக்கு ஒரு கத்தி தூரத்தில் தப்பித்தது.

ஓட்டக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1964இல் அமெரிக்காவின் பெரிய ரேஸான கென்டக்கி டெர்பிக்கு முன்னால், அதன் மேல் ஜெயித்துக்கொண்டிருந்த ஜாக்கி பில் ஷூமேக்கர் ஹில் ரைஸ் என்ற பெரிய குதிரைதான் ஜெயிக்கும் என்று கணக்குப் போட்டு அதற்கு மாறிக்கொண்டார். பில் ஹார்டாக் ஏறினார். நார்தர்ன் டான்சர் அந்த ஹில் ரைஸை ஒரு கழுத்து வித்தியாசத்தில் முந்தியது. நேரம் சரியாக 2 நிமிடம். 1973இல் செக்ரட்டேரியட் என்ற குதிரை வந்துதான் அதை முறியடித்தது. அடுத்து ப்ரீக்னஸ் ரேஸையும் ஜெயித்து, பெல்மாண்ட் ரேஸில் மூன்றாவதாக வந்தது. ஊருக்குத் திரும்பி குயீன்ஸ் பிளேட் ரேஸில் ஏழு குதிரை நீளத்துக்கு மேல் முந்தி ஜெயித்தது. அதோடு முன்னங்கால் தசைநாண் போய்விட்டது. மொத்தம் 18 ரேஸ், 14 வெற்றி, இரண்டு இரண்டாம் இடம், இரண்டு மூன்றாம் இடம். அதற்குக் கீழே போனதே இல்லை.

இதுவரைக்கும் சொன்னது நல்ல குதிரையின் கதை. இப்படி நல்ல குதிரைகள் பத்து இருபது இருக்கும். இது மட்டும் தனியாக நிற்பது ஓட்டத்தை நிறுத்திய பிறகு நடந்ததால்தான்.

1965இல் பொலிகுதிரையாக வேலை ஆரம்பம், ஒரு பெட்டைக்கு 10,000 டாலர் கட்டணம். இரண்டாவது ஆண்டுக் குட்டிகளில் ஒன்று நிஜின்ஸ்கி. 84,000 டாலருக்கு விற்று அயர்லாந்துக்குப் போனது, டிரெய்னர் வின்சென்ட் ஓ'ப்ரையன் தயார் செய்தார். 1970இல் இங்கிலாந்தின் மூன்று பெரிய ரேஸ்களையும் ஒரே ஆண்டில் ஜெயித்து ட்ரிபிள் க்ரௌன் வாங்கியது. அதற்குப் பிறகு இன்றுவரை எந்தக் குதிரையும் அதைச் செய்யவில்லை. இதைப் பார்த்த ஓ'ப்ரையன் கூட்டம் அமெரிக்க ஏலங்களில் நார்தர்ன் டான்சர் குட்டிகளாகத் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தது. அப்புறம் அரபு ஷேக்குகளும் வந்தார்கள். விலை எங்கேயோ போனது.

1983இல் கென்டக்கியின் கீன்லண்ட் ஏலத்தில் இதன் குட்டி ஒன்றுக்கு 1 கோடியே 2 லட்சம் டாலர் கொடுத்தார் துபாய் ஷேக் முகமது. பெயர் ஸ்னாஃபி டான்சர். அது ஒரு ரேஸ்கூட ஓடவில்லை. சரி, பொலிகுதிரையாக வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அதிலும் கோளாறு, மொத்தமே நாலு குட்டிகள். அதற்கு அடுத்த ஆண்டே, 1984இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் செக்ரெட்டோ, எல் கிரான் சென்யோர் என்ற இரண்டு குதிரைகள் மயிரிழையில் முதலாவதும் இரண்டாவதுமாக வந்தன. இரண்டுக்கும் அப்பன் நார்தர்ன் டான்சர்தான். தோற்றதைத் தயார் செய்தவர் வின்சென்ட் ஓ'ப்ரையன், ஜெயித்ததைத் தயார் செய்தவர் அவர் மகன் டேவிட். அந்த வீட்டில் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

கட்டணம் கடைசியில் ஒரு பெட்டைக்கு 10 லட்சம் டாலர் வரை போனது. சினை பிடிக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது, பிடிக்காவிட்டால் பணம் போனது போனதுதான். தரோபிரெட் என்ற இந்த ரக ரேஸ் குதிரைக்குச் செயற்கைக் கருவூட்டல் கூடாது என்பது உலகம் முழுக்க விதி. நேரில்தான் சேர்க்க வேண்டும். அதனால் ஒரு குதிரையால் ஆண்டுக்கு இத்தனைதான் என்று ஒரு வரம்பு இருந்தது, விலை ஏற அதுவும் காரணம். 1981இல், இருபது வயதுக் கிழக்குதிரையாக இருந்தபோது, 4 கோடி டாலருக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. 1990 நவம்பர் 16 அன்று மேரிலாந்தில் இறந்தது. பிறந்த பண்ணைக்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன்.

நார்தர்ன் டான்சரின் சொந்த மகன் ஒன்று இந்தியாவுக்கு வந்தது. பெயர் ரஸீன். 1990 எப்சம் டெர்பியில் அதுதான் பேவரிட், ஆனால் பின்வரிசையில் முடித்தது. டெல்லிக்குப் பக்கத்தில் குர்கானில் உள்ள உஷா ஸ்டட் பண்ணைக்கு வந்து சேர்ந்தது. இங்கே அதன் குட்டிகள் ஓடிய ஓட்டம் வேறு மாதிரி, இந்தியாவின் முன்னணிப் பொலிகுதிரை என்ற பட்டம் அதற்குப் பல முறை கிடைத்தது. மாமா 'பேரன்' என்று சொன்னதெல்லாம் பெரும்பாலும் ரஸீனின் பிள்ளைகள்.

இன்னொரு வழி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் குனிகல், திப்பு சுல்தான் காலத்தில் படைக் குதிரைகளுக்காக வந்த பண்ணை. அங்கே இருந்த பர்டன் ஆஃப் ப்ரூஃப் என்ற பொலிகுதிரையின் அப்பன் ஃபேரி கிங், அதன் அப்பன் நார்தர்ன் டான்சர். 2016இல் மும்பை மகாலட்சுமியில் இந்தியன் டெர்பி ஜெயித்த டெசர்ட் காட், பர்டன் ஆஃப் ப்ரூஃபின் மகன்.

இந்த ஃபேரி கிங் எனக்குப் பிடித்த பாத்திரம். ஒரே ஒரு ரேஸ் ஓடி, காலில் எலும்பு முறிந்து, ஒன்றுமே ஜெயிக்காமல் ஒதுங்கியது. ஆனால் அதே அப்பன், அதே தாய்க்குப் பிறந்த உடன்பிறப்பு சாட்லர்ஸ் வெல்ஸ். சாட்லர்ஸ் வெல்ஸ் பிரிட்டன், அயர்லாந்தில் 14 முறை முதல் பொலிகுதிரை. அதன் மகன் கலிலியோ 12 முறை. கலிலியோவின் மகன் ஃபிராங்கெல், 14 ரேஸ் ஓடி 14ம் ஜெயித்தது. தம்பி ஃபேரி கிங் சும்மா இருக்கவில்லை. 1996இல் பாரிஸின் ஆர்க் ரேஸை ஜெயித்த ஹெலிசியோ அதன் பிள்ளை. ஓடத் தெரிவதும் ஓடும் பிள்ளையைக் கொடுப்பதும் இரண்டு தனித்தனிச் சமாச்சாரம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே அத்தை சொல்லிவிட்டார். தொண்ணூறுகளின் கடைசியில் மாமா பார்த்துக்கொண்ட ஒரு ஆண் குட்டிக்கு இரண்டு பக்கமும் நார்தர்ன் டான்சர் ரத்தம். ஓனர் பெரிய விலை கொடுத்து வாங்கியது. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, நடந்து வந்தால் லாயமே திரும்பிப் பார்க்கும். ஸ்டார்ட்டிங் கேட்டுக்குள் மட்டும் போகாது. நாலு பேர் பின்னாலிருந்து தள்ளி உள்ளே விட்டால், கேட் திறந்ததும் எல்லாக் குதிரையும் போன பிறகு நிதானமாகக் கிளம்பும். மாமா அதன் மேல் பாதி மாதச் சம்பளத்தைக் கட்டினார், ஒரு முறை இல்லை, மூன்று முறை. மூன்றாவது தடவை வீட்டுக்கு வந்து, "அதோட தாத்தன் யார் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அத்தை அரிசி களைந்துகொண்டே சொன்னார்: "உங்க அப்பா கொத்தனாரு. உங்களுக்கு ஒரு செங்கல் ஒழுங்கா வைக்கத் தெரியுமா?"

அந்தக் குட்டி ஒரு ரேஸும் ஜெயிக்கவில்லை. சவாரி கற்றுக்கொடுக்கும் இடத்துக்குப் போய்விட்டது. அங்கே பிள்ளைகளிடம் ரொம்பச் சாதுவாக இருந்ததாம்.

ஆனால் ரத்தம் வெறும் பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. குறுகிய தூர வேகத்துக்குக் காரணமான தசை மரபணு வகை ஒன்று உண்டு. முந்நூறு ஆண்டுக்கு முன்னால் பிரிட்டனில் இருந்த ஒரு பெட்டைக்குதிரையிடமிருந்து வந்திருக்கலாம் என்றும், நம் காலத்தில் அது பரவியது நியார்க்டிக், நார்தர்ன் டான்சர் வழியாக என்றும் அயர்லாந்து விஞ்ஞானிகள் 2012இல் காட்டினார்கள். 2020இல் வெளியான இன்னொரு ஆய்வில், பல நாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரேஸ் குதிரைகளின் வம்சாவளியை எடுத்துப் பார்த்தார்கள். 97 சதவீதத்தில் நார்தர்ன் டான்சர் பெயர் இருந்தது. ஃபிராங்கெல்லின் வம்சத்திலேயே அப்பன் வழியில் ஒரு முறை, அம்மா வழியில் ஒரு முறை வருகிறது. உறவுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? அந்த ஆய்வு கவலைப்பட்டதும் அதைப் பற்றித்தான்.

மாமாவுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. ரேஸுக்குப் போவதில்லை, ரேஸ் புக் மட்டும் வாங்கிவரச் சொல்வார். போன மாதம் இந்த 97 சதவீதக் கணக்கைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்போ முதல்ல வர்றவனும் நாதன் பேரன், கடைசியில வர்றவனும் நாதன் பேரனா?"

"ஆமா மாமா."

"இத்தனை வருஷமா அப்பன் பேரைப் பார்த்துக் கட்டினேனேடா" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாய்க்குதிரைகளின் பெயரைப் படிக்க ஆரம்பித்தார்.