கெயினைக் குறைத்துப் பாருங்கள்: மாடலர் கேள்வி-பதில்

மாடலர் என்பது நிஜ கிட்டார் ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் கருவி அல்லது மென்பொருள். இந்த முறை அதைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கெயின், டிரைவ், மாஸ்டர் ஆகிய மூன்று குமிழ்களைச் சுற்றியே இருந்தன. அதனால் ஸ்பீக்கர், கேபிள் பற்றிய கேள்விகளை அடுத்த முறைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில்.

கே: கெயினை ஏற்றினாலும் சத்தம் கூடுகிறது, வால்யூமை ஏற்றினாலும் கூடுகிறது. அப்புறம் எதற்கு இரண்டு?

ப: ப்ரீஆம்ப்பை, அதாவது ஆம்ப்பின் முதல் பெருக்கிப் பகுதியை, சிக்னல் எவ்வளவு பலமாகத் தாக்குகிறது என்பது கெயின். அங்கிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்பது வால்யூம். சிக்னல் கிளிப் ஆகத் (அளவு மீறி உச்சி வெட்டுப்படத்) தொடங்கிய பிறகும் கெயினை ஏற்றிப் பாருங்கள். சத்தம் பெரிதாகக் கூடாது, கரகரப்பும் கம்ப்ரெஷனும் (ஒலி நசுங்குவதும்) தான் கூடும்.

கே: பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா ஆம்ப் வாங்கியிருக்கிறேன். கெயின், வால்யூம், மாஸ்டர் மூன்றையும் எந்த வரிசையில் வைப்பது?

ப: முதலில் கெயினில் உங்களுக்கு வேண்டிய தன்மையைப் பிடியுங்கள். பிறகு வால்யூமால் அந்த சேனலின் அளவைச் சரிசெய்யுங்கள். அறைக்கு எவ்வளவு சத்தம் என்பதை மாஸ்டரிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் வாசித்தால் பவர் கன்ட்ரோலை 0.5 வாட்டில் வையுங்கள்.

இது எல்லாருக்கும் சொல்வது: இரண்டு கெயின் அளவுகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். 1 டெசிபல் கூடினாலே போதும், காது அதைத்தான் நல்ல டோன் என்று சொல்லும்.

கே: ஒரு வீடியோவில் காட்டியபடி மார்ஷல் ஜேசிஎம் 800 ஆம்ப் மாடலில் கெயின் 7, பாஸ் 4, ட்ரெபிள் 6, மாஸ்டர் 5 என்று அப்படியே வைத்தேன். அந்த டோன் வரவே இல்லை. என் மாடலரில் ஏதாவது பழுதா?

ப: பழுது எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை இனிமேல் இப்படிக் கேட்காதீர்கள். உங்கள் கிட்டாரின் பிக்கப் (கம்பி அதிர்வை சிக்னலாக்கும் பாகம்) ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயிலா, இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கரா? ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வழியாகப் போகிறதா, நேராக மாடலருக்கா? ஹெட்ஃபோனா, ஸ்பீக்கரா? எதையும் எழுதவில்லை. நான்கு எண்கள் மட்டும் இருக்கின்றன. அந்த நான்கையும் வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

குமிழில் இருக்கும் 0 முதல் 10 வரையான எண் எந்த அளவுகோலும் கிடையாது. நிஜ ஆம்ப்பில் அது ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பினால் மின்தடை மாறும் பாகம்) எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது. லாக் வகை பொட்டென்ஷியோமீட்டராக இருந்தால், பாதி திருப்பும்போது சிக்னலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் வரும். லீனியராக இருந்தால் பாதி வரும். எந்த ஆம்ப்பில் எந்த வகை என்பதை அதை வடிவமைத்தவர் முடிவு செய்திருப்பார், நல்ல மாடலரும் அதையே பின்பற்றும். அதனால் ஒரு ஆம்ப்பின் 5-க்கும் இன்னொரு ஆம்ப்பின் 5-க்கும் சம்பந்தமே இல்லை.

அதற்கு முன்னால் பிக்கப் இருக்கிறது. பழைய பாணி சிங்கிள் காயிலைவிட சூடான ஹம்பக்கர் இரண்டு மடங்குக்கும் மேல் வோல்டேஜ் தரும். வீடியோக்காரர் ஹம்பக்கரில் 5 வைத்து எடுத்த கரகரப்பை நீங்கள் சிங்கிள் காயிலில் 8 வைத்தாலும் எட்டாமல் போகலாம். பிக் எவ்வளவு தடிமன், கை எவ்வளவு அழுத்துகிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். இன்டர்ஃபேஸில் இன்புட் கெயினை ஏற்றி வைத்திருந்தால் மாடலர் பார்க்கும் சிக்னலே வேறு. அதை இன்ஸ்ட்ரூமென்ட் மோடில் போடுங்கள், சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியக் கூடாது. அங்கே நடக்கும் டிஜிட்டல் கிளிப்பிங்கை எந்த ஆம்ப் மாடலும் சரிசெய்யாது.

இன்னொன்று, நிறையப் பேர் தவறவிடுவது. எல்லா ஆம்ப்பிலும் மாஸ்டர் இருப்பதில்லை. ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்பிலும் பழைய மார்ஷல் சூப்பர் லீடிலும் வால்யூம் மட்டும்தான், அதுவேதான் கெயினும். மாடலர் அதையே டிரைவ் என்று பெயரிட்டு வைக்கும், நிஜத்தில் இல்லாத ஒரு மாஸ்டரைக் கூடுதலாகச் சேர்த்திருக்கும். அந்த மாஸ்டரை முழுக்கத் திறந்து வைத்தால்தான் அந்த ஆம்ப். 4-ல் வைத்துவிட்டு ‘சூப்பர் லீட் மெலிந்து கேட்கிறது’ என்று எழுதுகிறீர்கள். சூப்பர் லீடின் கரகரப்பில் பெரும்பங்கு பவர் ஆம்ப்பில் (ஸ்பீக்கரை இயக்கும் கடைசிப் பகுதியில்) பிறக்கிறது, அதை நீங்களே அடைத்துவிட்டீர்கள். சத்தம் அதிகமானால், மாடலரில் ஆம்ப்புக்குப் பின்னால் வரும் சேனல் வால்யூமைக் குறையுங்கள். அது டோனைத் தொடாது.

சரி, என்னதான் செய்வது? கிட்டாரின் வால்யூமை முழுக்கத் திறங்கள். பாஸ், மிட், ட்ரெபிள் நடுவில். மேலே சொன்னபடி மாஸ்டரை வையுங்கள். கெயினை 0-விலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். ஓங்கி அடித்தால் ஒலி கரகரக்க வேண்டும், மெதுவாக வருடினால் சுத்தமாக ஒலிக்க வேண்டும். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, அங்கிருந்து தேவைக்கு ஏற்றுங்கள். அங்கே என்ன எண் நிற்கிறது என்று பார்க்கவே வேண்டாம்.

கே: கெயினைக் குறைத்தால் டோன் காதைக் குத்துகிறது. ஏற்றினால் சரியாகிவிடுகிறது. தலைகீழாக இருக்கிறதே?

ப: நல்ல கேள்வி, கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். பல மார்ஷல் வகை ஆம்ப்களில் கெயின் குமிழோடு ஒரு பிரைட் கெபாசிட்டர் இணைந்திருக்கும். குமிழ் கீழே இருக்கும்போது அது உயர் அலைவரிசைகளை மட்டும் தாண்டிப் போகவிடும், அதனால் ட்ரெபிள் துருத்திக்கொண்டு நிற்கும். குமிழ் ஏற ஏற அதன் விளைவு மறையும். மாடலரும் அதை அப்படியே செய்கிறது. பிரைட் சுவிட்ச் இருந்தால் அணையுங்கள். இல்லையென்றால் ஆம்ப்பின் கெயினை நல்ல இடத்தில் விட்டுவிட்டு கிட்டார் வால்யூமைக் குறையுங்கள்.

கே: ஹெட்ஃபோனில் டிஸ்டார்ஷன் கொசு ரீங்காரம் மாதிரி கேட்கிறது. என்ன செய்ய?

ப: எந்தக் கருவி, எந்த ஆம்ப் மாடல், ஒன்றும் எழுதவில்லை. ஊகித்துச் சொல்கிறேன்: கேப் பிளாக் அல்லது ஐஆர், அதாவது ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் பகுதி, அணைந்திருக்கிறது. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக வெட்டிவிடும். அந்த வெட்டு இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ஆம்ப்பும் இப்படித்தான் ஒலிக்கும்.

கே: ஹை-கெயின் ஆம்ப்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் (கரகரப்பு தரும்) பெடலை வைத்து டிரைவை 0-வில் விடச் சொல்கிறார்கள். டிரைவே இல்லாத ஓவர்டிரைவ் எதற்கு?

ப: பாஸைச் செதுக்குவதற்கு. டியூப் ஸ்க்ரீமரின் சுற்று 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அவ்வளவாகப் பெருக்காது. நடுப்பகுதி மேலெழும், கீழ்ப்பகுதி ஒல்லியாகும். லெவலை முழுக்க ஏற்றினால் ஆம்ப்பின் முதல் கட்டத்தை இறுக்கமான சிக்னல் தாக்கும், பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிப்பது) கொழகொழக்காமல் வெட்டி நிற்கும். கரகரப்பை ஆம்ப் பார்த்துக்கொள்ளும். பெடலைப் போட்ட கையோடு ஆம்ப் கெயினை ஒன்று, இரண்டு குறைக்க மறக்காதீர்கள். பெடலிலும் டிரைவை ஏற்றி, ஆம்ப்பிலும் கெயினை ஏற்றினால் எந்த நோட் என்றே தெரியாது.

கே: எங்கள் சபையில் மாடலரை நேராக மிக்ஸரில் கொடுக்கிறேன். வீட்டில் பிரமாதமாக இருக்கும் லீட் டோன், ஆராதனையில் கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் பின்னால் காணாமல் போகிறது. பூஸ்ட் போட்டாலும் மேலே வரவில்லை.

ப: இரண்டு காரணங்கள். குறைந்த சத்தத்தில் நம் காது பாஸையும் ட்ரெபிளையும் குறைவாகவே கேட்கும். 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டியது இது. வீட்டில் அந்தக் குறையை ஈடுகட்ட இரண்டையும் ஏற்றி, மிட்டைக் குழியாக்கி வைக்கிறீர்கள். கிட்டாருக்குச் சொந்தமான இடமே அந்த மிட்தான். கூட்டத்தில் பாஸை பேஸ் கிட்டார் எடுத்துக்கொள்ளும், ட்ரெபிளை சிம்பல் எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது, கெயின். முழுக்க நிரம்பிய ஆம்ப்புக்கு முன்னால் பூஸ்ட் வைத்தால் சத்தம் கூடாது, இன்னும் நசுங்கும். லீடுக்கான பூஸ்ட்டை ஆம்ப்புக்கும் கேப்புக்கும் பின்னால் வையுங்கள், 3 அல்லது 4 டெசிபல் போதும். கெயினை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், மிட்டை ஏற்றுங்கள். ப்ரீசெட்டை ஆலயத்திலேயே, பேண்ட் முழுவதும் வாசிக்கும்போது சரிசெய்யுங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் வறண்டு தெரியும், பரவாயில்லை.

கே: இணையத்தில் எடுத்த நியூரல் ஆம்ப் மாடலர் (ஒரு மாடலர் மென்பொருள்) கேப்சரில் கெயின் ஏற்றினால் நிஜ ஆம்ப் மாதிரி மாறுவதில்லையே?

ப: மாறாது. கேப்சர் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு குமிழ் அமைப்பின் பதிவு. நீங்கள் ஏற்றுவது இன்புட் லெவலை. வேறு கெயின் வேண்டுமென்றால் அந்த கெயினில் எடுத்த கேப்சரைத் தேடுங்கள்.

கே: கெயின் ஏற்றியதும் ஒரே ஹம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் குறைகிறது. பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போய்விடும் என்கிறார் நண்பர்.

ப: கூடவே கூடாது. எர்த் உங்கள் உயிருக்காக இருக்கிறது, 230 வோல்ட்டோடு விளையாடாதீர்கள். சார்ஜரைக் கழற்றி வாசியுங்கள், அல்லது மாடலரையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் கொடுத்துப் பாருங்கள். மிக்ஸருக்குப் போகும் வழியில் ஹம் வந்தால் டிஐ பாக்ஸில் (கருவியை மிக்ஸரோடு இணைக்கும் சிறு பெட்டியில்) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கும், அதை அழுத்துங்கள். நாய்ஸ் கேட் என்ற இரைச்சல் தடுப்பான் நோட்டுகளுக்கு நடுவே உள்ள இரைச்சலைத்தான் அடைக்கும், நோட்டோடு சேர்ந்து வருவதைத் தொடாது. மற்றபடி மருந்து பழையதுதான்: கெயினைக் குறையுங்கள், ஹம்மும் சேர்ந்து இறங்கும்.

கே: ரெக்கார்டிங்கில் ரிதம் கிட்டார் கனமாக வர கெயினை எவ்வளவு வைப்பது?

ப: நேரில் வாசிப்பதைவிடக் குறைவாக. ஒரே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழு இடப்பக்கத்திலும் இன்னொன்றை முழு வலப்பக்கத்திலும் வையுங்கள். முதல் டேக்கை நகலெடுத்து ஒட்டினால் அகலம் வராது, சத்தம் மட்டும்தான் கூடும். இரண்டு டேக்கும் சேரும்போது கரகரப்பும் கூடிக்கொள்ளும், அதனால்தான் ஒவ்வொன்றிலும் குறைவாக வைக்கச் சொல்கிறேன்.