துளை சிறியது, விடுப்பு சிறியதன்று

கேள்வி: எனக்கு வயது 46. நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்யும் விற்பனைப் பணியில் இருக்கிறேன். இரு பாதங்களிலும் பெருவிரல் மூட்டு புடைத்து, விரல் அடுத்த விரலை நோக்கிச் சாய்ந்துவிட்டது. நுண்துளை அறுவை சிகிச்சை செய்தால் விரைவில் வேலைக்குத் திரும்பலாம் என்கிறார்கள். ஆனால் கட்டணம் வழக்கமான முறையைவிட அதிகம். அவசரகாலச் சேமிப்பை எடுக்கலாமா, தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: இக்குறைக்கு மருத்துவர்கள் சொல்லும் ‘பனியன்’ என்ற பெயர் நம் காதில் உள்ளாடையாக ஒலித்தாலும், அது செலவு வைக்கும் விதம் விளையாட்டானதன்று. நீங்கள் கட்டணத்தை மட்டுமே கணக்கிட்டிருக்கிறீர்கள். பெரிய செலவு நீங்கள் நிற்க முடியாத வாரங்களில் இருக்கிறது. நுண்துளை முறையில் சில மில்லிமீட்டர் அளவே கீறி, எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி, சுழலும் நுண்கருவியால் எலும்பை வெட்டி நேராக்கித் திருகாணிகளால் பொருத்துகிறார்கள். தோலில் காயம் சிறியதென்றாலும் வெட்டப்பட்ட எலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ 6 வாரங்கள் வேண்டும். வீக்கம் முழுவதும் வடிய மாதங்கள் ஆகலாம். அமர்ந்து வேலை செய்பவர் முன்னதாகத் திரும்பலாம். நின்று உழைப்பவர் 6 முதல் 12 வாரங்கள் வரை விடுப்புக்குத் திட்டமிடுவதே பாதுகாப்பு. அதில் எத்தனை வாரங்களுக்குச் சம்பளம் வரும் என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கூடுதல் கட்டணத்துக்குக் கிடைப்பது, பெரும்பாலும் தொடக்க நாள்களில் குறைந்த வலியும் சிறிய தழும்பும்தான். நீண்டகாலப் பலனில் இம்முறை தெளிவாக மேலானது என்று நிறுவப்படவில்லை. எம்முறையிலும் விரல் மீண்டும் சாய வாய்ப்புண்டு. எனவே அதிகம் வலிக்கும் பாதத்தை மட்டும் முதலில் சரிசெய்யலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் விடுப்பு ஒருமுறையோடு முடியும் என்பது உண்மையே. ஆனால் முதல் பாதத்தின் பலனைப் பார்த்தபின் அடுத்ததற்குச் செலவிடும் வாய்ப்பை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

காப்பீடு இருந்தால் முன் அனுமதியை எழுத்து மூலமாகவே பெறுங்கள். அழகுக்கான சிகிச்சை என்று நிராகரிக்கப்படாதிருக்க, வலி, நடப்பதில் உள்ள இடையூறு, எக்ஸ்ரே முடிவு, அகலமான காலணி அணிந்தும் குறையாத துன்பம் ஆகியவை மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருக்க வேண்டும். திருகாணி, இயன்முறை சிகிச்சை, சிறப்புக் காலணி ஆகியவற்றின் செலவு ஏற்கப்படுமா, அன்றே வீடு திரும்பினாலும் இழப்பீடு உண்டா, காப்பீடு எடுத்தபின் இழப்பீடு கிடைக்காத காத்திருப்புக் காலம் ஏதும் மீதமுள்ளதா என்பவற்றையும் கேளுங்கள்.

கடனை நான் பரிந்துரைக்கவில்லை. சம்பளம் வராத மாதத்திலேயே முதல் தவணை வந்து நிற்கும். அவசரகாலச் சேமிப்பும் வேண்டாம், ஏனெனில் இது பொதுவாக அவசர சிகிச்சை அன்று. அகலமான காலணி எலும்பை நேராக்காவிட்டாலும் வலியைக் குறைக்கலாம்; அந்த இடைவெளியில் கட்டணத்தையும் விடுப்புக்கால வீட்டுச்செலவையும் தனிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய், பாதத்தில் மரத்துப்போதல், ஆறாத புண் ஆகியவற்றில் எதுவும் உங்களுக்கு இருந்தால் மட்டும் சேமித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அந்த நிலையில் அவசரகாலச் சேமிப்பைத் தொடலாம்.