பண்ணையில் ஆண்டிபயாட்டிக்கை நிறுத்தினால், பன்றிக் குடலில் உருவான மருந்து எதிர்ப்பும் மறைந்துவிடுமா?

பெருமளவு குறையும். ஆனால் நிறுத்திய மருந்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். நுண்ணுயிரியல் வகுப்பில் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் நான் டென்மார்க்கைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

கோழிகளும் பன்றிகளும் விரைவில் எடை கூடுவதற்காக அங்கே அவோபார்சின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலந்து வந்தார்கள். மருத்துவமனைகளில் கடுமையான தொற்றுகளுக்குக் கொடுக்கப்படும் வான்கோமைசினுக்கு அது நெருங்கிய உறவு என்பதால், ஒன்றை எதிர்க்கக் கற்ற பாக்டீரியா மற்றதையும் எதிர்க்கும். 1994இல் அந்நாட்டு நோயாளிகளுக்குச் செலவான வான்கோமைசின் 24 கிலோ. தீவனத்துக்குப் போன அவோபார்சின் 24,000 கிலோ. (அச்சுப்பிழையோ என்று முதலில் நானும் ஐயப்பட்டேன்.)

1995இல் அவோபார்சின் தடை செய்யப்பட்டது. கறிக்கோழிகளின் குடலிலிருந்து எடுத்த என்டரோகாக்கஸ் ஃபீசியம் பாக்டீரியாவில், அவ்வாண்டு ஏறத்தாழ 73 சதவீதமாக இருந்த எதிர்ப்பு, 2000இல் 6 சதவீதத்துக்கு இறங்கியது. பன்றிகளிலோ 1997 வரை அது 20 சதவீத அளவிலேயே அசையாமல் நின்றது.

காரணம் பிளாஸ்மிட். பாக்டீரியாவின் குரோமோசோமுக்கு வெளியே, ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய அந்த டி.என்.ஏ. வளையத்தில், வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவும் டைலோசின் போன்ற மேக்ரோலைடு வகை ஆண்டிபயாட்டிக்குகளை எதிர்க்கும் மரபணுவும் சேர்ந்தே இருந்தன. டைலோசினோ பன்றித் தீவனத்தில் தொடர்ந்து கலக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பிளாஸ்மிட்டால் அதைத் தாங்கிப் பிழைத்த ஒவ்வொரு பாக்டீரியாவும், தேவையே இல்லாத வான்கோமைசின் எதிர்ப்பையும் கூடவே சுமந்து பெருகியது. 1998இல் வளர்ச்சிக்காக டைலோசின் கொடுப்பது நின்ற பிறகுதான் பன்றிகளிலும் எதிர்ப்பு சரிந்து, 2000இல் 6 சதவீதத்துக்கு வந்தது.

தடை பலன் தரும் என்பதற்குச் சீனாவும் சான்று. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கோலிஸ்டின் என்ற ஆண்டிபயாட்டிக்கைச் சேர்ப்பதை 2017இல் அது நிறுத்தியது. பன்றிகளில் கோலிஸ்டினை எதிர்க்கும் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா, 2015–16இல் இருந்த 34 சதவீதத்திலிருந்து 2017–18இல் 5 சதவீத அளவுக்குக் குறைந்தது.

மிஞ்சியிருக்கும் எதிர்ப்பைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். டென்மார்க் பன்றிகளின் என்டரோகாக்கஸில், வான்கோமைசின் எதிர்ப்பு மரபணு இருந்த பிளாஸ்மிட்டிலேயே தாமிரத்தைத் தாங்கும் மரபணு ஒன்றும் கண்டறியப்பட்டது. தாமிர உப்பு ஆண்டிபயாட்டிக் அன்று. பன்றித் தீவனத்தில் வழக்கமாகச் சேர்க்கப்படும் சத்து.