படிப்படியாக வரும் அமைதி: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை சிலர் கூடி ஏதாவது ஒரு தலைப்பில் வாதிடுவோம். போன மாதத் தலைப்பு, இஸ்ரேல்–பாலஸ்தீனப் பிரச்சினைக்கு ஒரே நாடு தீர்வா, இரு நாடுகள் தீர்வா என்பது. எனக்கு இரு நாடுகள் அணி கிடைத்தது. பேசப் பேச எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் துளிகூட நம்பாத நிலையில் கடைசித் தீர்வைப் பற்றிப் பேசி என்ன பயன்? முதலில் போர்நிறுத்தம், கைதிகள் விடுதலை, வேலை, வியாபாரம் என்று சின்ன விஷயங்களில் நம்பிக்கையை வளர்த்துவிட்டு, ஜெருசலேம், அகதிகள் மாதிரியான பெரிய விஷயங்களைக் கடைசியில் வைத்துக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்? இதைச் சொன்னதும் எதிரணியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “அதைத்தான் ஏற்கெனவே செய்து பார்த்தார்களே தம்பி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் எதைச் சொன்னார்? நீங்களாக இருந்தால் எந்த அணியில் பேசுவீர்கள்?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

அவர் சொன்னது ஆஸ்லோ ஒப்பந்தத்தை. 1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அமெரிக்க அதிபர் கிளின்டன் நடுவில் நிற்க, இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத்தும் கைகுலுக்கினார்களே, அது. நீங்கள் சொல்லும் யோசனைதான் அதன் அஸ்திவாரம். ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாடு. காஸாவிலும் ஜெரிகோவிலும் தொடங்கி இஸ்ரேலிய ராணுவம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், பாலஸ்தீன அதிகார சபை கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பேற்கும். ஜெருசலேம், அகதிகள், 1967 போரில் பிடித்த நிலத்தில் இஸ்ரேல் அமைத்த யூதக் குடியேற்றங்கள், எல்லை, பாதுகாப்பு எல்லாம் பிறகு. அதற்குள் பரஸ்பர நம்பிக்கை வளர்ந்திருக்கும், 1999 மே மாதத்துக்குள் இறுதி உடன்பாடு கையில் இருக்கும் என்பது கணக்கு.

படிப்படியாகப் போவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. கடைசிப் படி எது என்பதை எழுதாமலே முதல் படியில் கால் வைத்ததுதான் கோளாறு என்று நினைக்கிறேன். பாலஸ்தீன நாடு உருவாகும் என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அராஃபத் தன் மக்களிடம் ஜெருசலேமைத் தலைநகராகக் கொண்ட நாடு வருகிறது என்று பேசினார். ராபினோ 1995 அக்டோபரில் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில், தான் நினைப்பது ஒரு நாட்டைவிடக் குறைவான ஓர் அமைப்பு என்றார். கையெழுத்திட்ட காகிதம் ஒன்றுதான்.

இடைக்காலத்தில் குடியேற்றங்கள் வளரக் கூடாது என்றும் அதில் தெளிவாக எழுதவில்லை. கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல் மேற்குக் கரையில் 1993-ல் ஏறக்குறைய 1,10,000 யூதக் குடியேறிகள் இருந்தார்கள். 2000-ல் அது சுமார் 1,90,000. விலையை எழுதாமல் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறீர்கள். விலைபேச உட்காருவதற்குள் விற்பவர் பின்கட்டில் தன் உறவுக்காரர்களுக்கு அறை கட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். பாலஸ்தீனர்களுக்கு ஆஸ்லோ ஆண்டுகள் அப்படித்தான் தெரிந்தன. இஸ்ரேலியர்களுக்கோ அதே ஆண்டுகள் பேருந்துகளில் வெடித்த குண்டுகளாகத் தெரிந்தன: நிலத்தை விட்டுக்கொடுக்கிறோம், பதிலுக்குத் தற்கொலைப் படை வருகிறது.

நாசவேலைக்காரர்களுக்கு இந்த முறை ரொம்ப வசதி. அடுத்த படி வேண்டுமென்றால் இந்தப் படி அமைதியாக நடந்திருக்க வேண்டும் என்றால், கெடுக்க நினைப்பவனுக்கு ஒரு துப்பாக்கி போதும். 1994 பிப்ரவரியில் மேற்குக் கரை நகரமான ஹெப்ரானில் கோல்ட்ஸ்டீன் என்ற யூதக் குடியேறி, தொழுகையில் இருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றான். ஏப்ரலில், ஒப்பந்தத்தை எதிர்த்த பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸ், இஸ்ரேலின் அஃபூலாவிலும் ஹதேராவிலும் குண்டு வைத்தது. 1995 நவம்பர் 4 அன்று ராபினையே ஒரு யூதத் தீவிரவாதி கொன்றான். 1996-ன் தொடக்கத்தில் மறுபடி பேருந்துக் குண்டுகள். அந்த மே மாதத் தேர்தலில் ஆஸ்லோவை எதிர்த்த நெதன்யாகு ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டு பக்கத்துத் தீவிரவாதிகளும் கூடிப் பேசி வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக நடந்திருக்காது.

இதோடு, 1967-ல் எகிப்திடமிருந்து இஸ்ரேல் பிடித்த சினாய் தீபகற்பத்தை வைத்துப் பாருங்கள். 1978-ல் அமெரிக்காவின் கேம்ப் டேவிடில் எகிப்து அதிபர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் அமெரிக்க அதிபர் கார்ட்டர் முன்னிலையில் இரண்டு உடன்பாடுகளில் கையெழுத்திட்டார்கள். ஒன்று எகிப்து பற்றியது. சினாய் முழுவதும் சர்வதேச எல்லை வரை எகிப்துக்குத் திரும்பும், பதிலுக்கு முழு அமைதி. முடிவு முதலிலேயே எழுதப்பட்டது. 1979 ஒப்பந்தம் அதை அடைய மூன்று ஆண்டுகளில் எந்தக் கோடு வரை எப்போது விலக வேண்டும் என்று சொன்னது. இரண்டாவது உடன்பாடு மேற்குக் கரையும் காஸாவும் பற்றியது: ஐந்தாண்டு சுயாட்சி, இறுதி நிலை பிறகு பேசப்படும். அது நடக்கவே இல்லை. அறையில் ஒரு பாலஸ்தீனரும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சதாத் 1981 அக்டோபர் 6 அன்று கொல்லப்பட்டார். ராபின் கொலை ஆஸ்லோவை முடக்கியது. சதாத் கொலை சினாய் ஒப்பந்தத்தை அசைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, 1982 ஏப்ரலில், யாமித் என்ற குடியேற்ற நகரத்தை இஸ்ரேல் ராணுவமே காலி செய்து இடித்துவிட்டுக் குறித்த நாளில் வெளியேறியது. அதை நின்று நடத்திய பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் ஷரோன், குடியேற்றங்களின் பெரிய புரவலர்! தாபா என்ற கடற்கரைத் துண்டு மட்டும் யாருக்கு என்று தகராறு வந்தது. நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். தீர்ப்பு எகிப்துக்குச் சாதகமாக வந்தது, 1989-ல் கொடுத்துவிட்டார்கள். மீறல்களைக் கவனிக்கப் பன்னாட்டுப் படை ஒன்று இன்றுவரை அங்கே நிற்கிறது. ஆஸ்லோவில் அப்படி ஒரு நடுவர் கிடையாது. ஹெப்ரானில் மட்டும் ஆயுதமில்லாத ஒரு பார்வையாளர் குழு இருந்தது, அதையும் 2019-ல் நெதன்யாகு அனுப்பிவிட்டார்.

சினாய் சுலபமான விஷயம் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அது பாலைவனம், குடியேறிகள் சில ஆயிரம் பேர்தான், எதிரில் இருந்தது ராணுவம் உள்ள ஒரு நாடு. மேற்குக் கரை அப்படி இல்லை. ஆனால் சிக்கல் அதிகமாக இருக்கும் இடத்தில்தானே முடிவை இன்னும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்?

முடிவு என்னவென்று யாருக்கும் தெரியாமலும் இல்லை. 2000 டிசம்பரில் கிளின்டன் வைத்த அளவுகோல்கள்: மேற்குக் கரையில் 94 முதல் 96 சதவீதம் பாலஸ்தீனத்துக்கு, மீதிக்கு ஈடாகக் கொஞ்சம் நிலம், ஜெருசலேமில் அரபுப் பகுதிகள் அவர்களுக்கு, யூதப் பகுதிகள் இவர்களுக்கு. இரு தரப்புப் பிரமுகர்களும் சேர்ந்து தனிப்பட்ட முறையில் எழுதிய 2003 ஜெனீவா முன்முயற்சியும், 2008-ல் இஸ்ரேல் பிரதமர் ஓல்மெர்ட் பாலஸ்தீன அதிகார சபைத் தலைவர் அப்பாஸிடம் காட்டிய வரைபடமும் ஏறக்குறைய அதே பக்கம்தான். ஏழு வருடம் தள்ளிப்போட்ட எல்லாவற்றையும் 2000 ஜூலையில் கேம்ப் டேவிடில் கூடி இரண்டு வாரத்தில் முடிக்கப் பார்த்துவிட்டு, அது தோற்ற பழியை அராஃபத் ஒருவர் தலையிலேயே போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் மாற்றுத் திட்டம் எதையும் வைக்கவில்லை என்பதும் உண்மை.

எழுதாத முடிவுக்கு இன்னொரு வடிவம், 2005-ல் பிரதமராக இருந்த ஷரோன் காஸாவிலிருந்து இஸ்ரேலை வெளியேற்றியது. சுமார் 8,000 குடியேறிகளை அகற்றினார், அப்பாஸோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. பேச்சுவார்த்தையால் கிடைக்காதது ஆயுதத்தால் கிடைத்தது என்று ஹமாஸ் சொல்ல முடிந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர்கள் ஜெயித்தார்கள்.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு காஸாவில், அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் கணக்கில், 60,000-க்கும் மேல். 2025 அக்டோபர் போர்நிறுத்தத்துக்கு அடிப்படையான டிரம்ப் திட்டத்தில் ‘பாலஸ்தீன நாடு’ வருகிறது. எப்படி? மறுகட்டமைப்பும் அதிகார சபையின் சீர்திருத்தமும் நடந்தால் அதை நோக்கிய பாதைக்கான சூழல் உருவாகலாம் என்று. மறுபடி படிகள் உண்டு, முடிவு இல்லை. இஸ்ரேல் நாடாளுமன்றம் 2024 ஜூலையிலேயே பாலஸ்தீன நாடு கூடாது என்று 68–9 வாக்குகளில் தீர்மானம் போட்டுவிட்டது.

எந்த அணி என்று கேட்டீர்கள். இரு நாடுகள் அணிதான், கொஞ்சம் திருத்தத்தோடு. ஒரே நாடு, சம உரிமை என்பது கேட்க நேர்மையாக இருக்கிறது. ஆனால் யூதர்களில் மிகப் பெரும்பாலானோர் அதைத் தங்கள் நாட்டின் முடிவாகப் பார்க்கிறார்கள், பாலஸ்தீனர்களுக்கும் தங்கள் கொடி வேண்டும். இன்று மேற்குக் கரையில் இருப்பதும் ஒருவகை ஒரே ஆட்சிதான்: ஒரே குற்றத்துக்குக் குடியேறி சிவில் நீதிமன்றத்துக்குப் போகிறான், பக்கத்து ஊர்ப் பாலஸ்தீனன் ராணுவ நீதிமன்றத்துக்குப் போகிறான். பழைய இரு நாடுகள் திட்டமோ, இப்போது 5 லட்சத்தைத் தாண்டிவிட்ட குடியேறிகளில் பெரிய பகுதியைப் பெயர்த்து எடுத்தால்தான் நடக்கும். அதனால்தான் இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் சேர்ந்து நடத்தும் ‘எல்லோருக்குமான நிலம்’ என்ற இயக்கத்தின் யோசனை எனக்குப் பிடிக்கிறது. 1967 போருக்கு முந்தைய எல்லையில் இரண்டு தனி நாடுகள், ஆனால் குடியுரிமை வேறு, வசிக்கும் உரிமை வேறு. குடியேறி பாலஸ்தீனச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அங்கேயே இருக்கலாம், ஓட்டு இஸ்ரேலில். அகதி பாலஸ்தீனக் குடிமகனாக இஸ்ரேலின் ஹைஃபாவில் வசிக்கலாம், ஓட்டு பாலஸ்தீனத்தில். வருபவர்களின் எண்ணிக்கையை இரண்டு அரசுகளும் பேசி வைத்துப் படிப்படியாக உயர்த்தலாம். படிகள் இங்கேயும் உண்டு, போகிற இடம் தெரிந்த படிகள்.

பாதுகாப்பு விஷயத்தில் இந்தத் திட்டம் இன்னும் மெலிவுதான். எல்லையைத் திறந்த மறுவாரம் ஒரு குண்டு வெடித்தால் கதவை மூடும் அதிகாரம் யாருக்கு, எத்தனை நாளுக்கு, திரும்பத் திறக்கச் சொல்வது யார்? அடுத்த கூட்டத்தில் இந்த வாதத்தை எடுத்தீர்களானால் எதிரணி முதலில் அங்கேதான் பிடிக்கும். தாபா நடுவர் மன்றத்தையும் சினாய்ப் படையையும் நன்றாகப் படித்துக்கொண்டு போங்கள்.